ஒன்பதாம் மாத ஊசி போடலாமா, டாக்டரம்மா?

கேள்வி: எங்களுக்கு ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் பக்கம் ஊர். பெரியவனுக்கு ஐந்து வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஒன்றரை வயது வரைக்கும் அம்மா, தாத்தா, காக்கா என்று நாலைந்து வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றரை வயது ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடித்தது. அப்புறம் கொஞ்ச நாளில் பேச்சு நின்றுவிட்டது. 'ஊசி போட்டுத்தான் பிள்ளை இப்படி ஆயிருச்சு' என்று மாமியார் இன்னும் சொல்கிறார். இப்போது சின்னவளுக்கு ஒன்பது மாதம் ஆகப்போகிறது. நர்ஸம்மா இரண்டு முறை வீட்டுக்கே வந்து கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்காரர் ஒரு வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டி, 'அமெரிக்காவிலேயே ஒத்துக்கொண்டார்கள்' என்கிறார். இவள் பேச ஆரம்பித்த பிறகு போட்டுக்கொள்ளலாமா? என் மகனை நான்தான் இப்படி ஆக்கிவிட்டேனா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் ஆக்கவில்லை. ஊசியும் ஆக்கவில்லை.

சேலத்தில் குழந்தைகளைப் பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே கேள்வியை இதே வார்த்தைகளில் எத்தனையோ தாய்மார்கள் என் எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டதாலா, செல்போன் பார்த்ததாலா, வேலைக்குப் போனதாலா, ஊசி போட ஒத்துக்கொண்டதாலா என்று ஒவ்வொருவரும் தன்னிடம்தான் குற்றத்தைத் தேடுகிறார்கள். 'நான் ஆக்கிவிட்டேனா' என்று ஒரு தகப்பன் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்தப் பழக்கம் நம் ஊரோடு நிற்கவும் இல்லை. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தை விரிவாக விவரித்தார். அப்போது தட்டம்மைக்குத் தடுப்பூசியே கிடையாது. அது வந்தது 1963-ல். கானருக்குப் பிறகு சுமார் இருபது வருடம், தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று பெரிய பெரிய டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவம், அந்தத் தாய்மார்கள் தலை நிமிர முடியாமல் வாழ்ந்தார்கள். அது பொய் என்று ஆன பிறகு பழி ஊசி மேல் போனது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே கர்ப்பிணிகள் போடும் பாரசிட்டமால் மாத்திரையைக் குறை சொன்னார். சுவீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை, உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அப்படித் தொடர்பு எதுவும் இல்லை என்று அதற்கு முந்தைய வருடமே காட்டிவிட்டார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் பழி கடைசியில் தாயின் மடியில் வந்து விழுகிறது. அதை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

சரி, உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. பேரன் 'காக்கா' என்று சொன்னதைக் காதால் கேட்டவர். ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்தவர். அப்புறம் அந்தப் பேச்சு இல்லாமல் போனதையும் பார்த்தவர். மூன்றும் நடந்தவைதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இப்படித்தான் வந்த சில வார்த்தைகளை இழக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றேகால் வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் நடக்கும். நம் அரசு அட்டவணையில் 16-லிருந்து 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டரும் வருகின்றன. அந்த வயதில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் ஊசி போடுகிறோம். அப்படியானால் அந்த வயதில் பேச்சை இழக்கிற குழந்தை எல்லாமே 'ஊசிக்குப் பிறகு' இழந்ததாகத்தானே தெரியும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அதுதான். காக்கை உட்கார்ந்ததும் நிஜம், பழம் விழுந்ததும் நிஜம். பழத்தின் காம்பு எப்போதிருந்து கனிந்துகொண்டிருந்தது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் காம்பை நான் ஒரு முறை கண்ணால் பார்த்தேன். அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நெசவுக் குடும்பம் பையனைக் கூட்டி வந்திருந்தது. உங்கள் கதைதான்: ஒன்றரை வயது ஊசி, காய்ச்சல், பேச்சு போனது. 'முதல் பிறந்தநாள் வீடியோ ஏதாவது போனில் இருக்கிறதா?' என்று கேட்டேன். இருந்தது. கேக், மெழுகுவத்தி, சுவரெல்லாம் பலூன். சொந்தக்காரர்கள் கை தட்டுகிறார்கள். தாத்தா குனிந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். குழந்தை திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறார். நான் எண்ணினேன், ஆறு தடவை. குழந்தை மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ கிலுகிலுப்பையை ஆட்டியதும் சட்டென்று திரும்பியது, அதனால் காதில் குறை இல்லை. ஊசிக்கு ஆறு மாதம் முன்னால் எடுத்த வீடியோ அது. அந்தத் தாய் மூன்றாவது முறை போட்டுப் பார்க்கும்போது கையை அப்படியே நிறுத்தி, 'அப்பவே இருந்துச்சுங்களா?' என்றார். ஆமாம் என்றேன். நான்கு வருடமாகச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி அழுதார். வீட்டுக்காரரும் அழுதார்.

இது என் ஒருத்தி அனுபவம் இல்லை. 1994-லேயே அமெரிக்காவில், பின்னாளில் ஆட்டிசம் என்று தெரியவந்த குழந்தைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களைச் சேகரித்து, மற்றக் குழந்தைகளின் வீடியோக்களோடு வைத்துப் பார்த்தார்கள். முகத்தைப் பார்ப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, பேர் சொன்னால் திரும்புவது ஆகியவற்றில் அப்போதே வித்தியாசம் இருந்தது. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில், குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்து மாதாமாதம் அளந்தார்கள். பின்னால் ஆட்டிசம் தெரியவந்த குழந்தைகளிடம் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பது இரண்டாம் மாதத்திலிருந்தே மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. ஆட்டிசத்தின் வேர் பெரும்பாலும் கருவிலேயே மூளை உருவாகும் காலத்தில் இருக்கிறது. மரபுக்கு அதில் பெரிய பங்கு: ஐந்து நாடுகளில் 20 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த கணக்கு சுமார் 80 சதவீதம் என்கிறது. மரபு என்றதும் 'உங்க வீட்டு ரத்தம்தான்' என்று ஒரு புதுச் சண்டை ஆரம்பிக்க வேண்டாம். நூற்றுக்கணக்கான மரபணுக்களில் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பது சேர்ந்து வருகிறது. சில நேரம் பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றம் குழந்தையிடம் புதிதாகவே உண்டாகிறது.

அப்படியானால் ஊசிப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1998-ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் உடன் 12 பேரும் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அதில் வந்தது. ஆராய்ந்த குழந்தைகள் மொத்தமே 12 பேர். பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வருடக்கணக்கில் தோண்டினார். ஊசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாரான வக்கீலிடமிருந்து வேக்ஃபீல்டுக்கு நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருந்தது. தன் பெயரில் வேறொரு தட்டம்மை ஊசிக்குக் காப்புரிமையும் கேட்டிருந்தார். குழந்தைகளின் மருத்துவக் குறிப்பில் இருந்தது ஒன்று, கட்டுரையில் எழுதியது வேறு. 2004-ல் அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் 10 பேர் அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையையே திரும்பப் பெற்றது. அதே வருடம் மே மாதம் பிரிட்டனில் வேக்ஃபீல்டு டாக்டர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். ஒரு டாக்டராக இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அந்த 12 குழந்தைகளின் பெற்றோரும் உங்களைப் போலத்தான் பதில் தேடி வந்தவர்கள்.

நீங்கள் கேட்கிற கேள்வி இன்னும் குறிப்பானது: மூத்த பிள்ளைக்கு இருக்கிறது, இளையவளுக்கு ஊசி போட்டால் கூடுமா? இதையே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2015-ல் அமெரிக்காவில், அண்ணனோ அக்காவோ இருக்கிற 95,727 குழந்தைகளின் விவரங்களைப் பார்த்தார்கள். மூத்தவருக்கு ஆட்டிசம் இருந்த வீடுகளில், பயத்தால் பல பெற்றோர் இளையவருக்கு ஊசி போடாமல் விட்டிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் சிலருக்கும் ஆட்டிசம் வந்தது. போட்டவர்களிடம் அது கூடியிருக்கவில்லை. டென்மார்க்கில் 1999-லிருந்து 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வும் உடன்பிறந்தவர் விஷயத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. அதே பதில்தான். ஜப்பானில் வேறு காரணத்துக்காக 1993-ல் அந்த மூன்று-சேர்ந்த ஊசியை நிறுத்தினார்கள். ஊசி நின்ற பிறகு பிறந்த யோகோஹாமா பிள்ளைகளிடமும் ஆட்டிசம் கண்டறியப்படுவது ஏறிக்கொண்டேதான் போனது.

பாதரசம் என்று ஒரு பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும். பல தவணைக்கான சில ஊசிப் புட்டிகளில் கெடாமல் இருக்க தயோமெர்சால் என்ற பாதரசம் கலந்த பொருளை மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் 2001-க்குள் குழந்தைகளின் வழக்கமான ஊசிகளிலிருந்து அதை எடுத்தும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஒன்பதாம் மாத தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் அது கிடையவே கிடையாது.

உங்கள் வீட்டுக்காரர் காட்டும் வீடியோ எதைப் பற்றி என்று எனக்குப் புரிகிறது. 2025 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்று தன் இணையப் பக்கத்தில் இருந்த வாசகத்தை மாற்றியது. மாற்றச் சொன்னது நான்தான் என்று அந்நாட்டு சுகாதாரத் துறையின் தலைவர் ராபர்ட் கென்னடி ஜூனியரே சொன்னார். பல வருடமாகத் தடுப்பூசியைக் குறை சொல்லி வந்தவர் அவர். அந்த மாற்றத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு ஆய்வும் இல்லை. அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. பதவியில் இருப்பவர் பலகையில் எழுத்தை மாற்றி எழுதினால் குழந்தையின் மூளை மாறிவிடாது. வீட்டுக்காரரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். அவரும் பெண்ணைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். எனக்கு 2017 பிப்ரவரி ஞாபகம் வருகிறது. 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்த தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் போட்டார்கள். அப்போதும் இதே வாட்ஸ்அப்தான். பள்ளி வாசலில் வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அன்று ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று காலேஜில் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள்.

'பேச ஆரம்பித்த பிறகு போடலாமா' என்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனால் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் உடம்பிலிருந்து குழந்தைக்குக் கிடைத்த எதிர்ப்பு சக்தி ஒன்பது மாதத்துக்குள் ஏறக்குறைய கரைந்துவிடும். தட்டம்மை கடுமையாகத் தாக்குவது இந்தச் சின்ன வயதைத்தான். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். ஊசி போடாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டும். எஸ்டேட் தனியாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சனி ஞாயிறில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிற வண்டிகளையும், மே மாத கோடை விழாக் கூட்டத்தையும் நீங்கள்தானே பார்க்கிறீர்கள். 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவியபோது சின்னக் குழந்தைகள் இறந்தார்கள். ஊசி விட்டுப்போன பிள்ளைகள்தான் அதில் அதிகம்.

இதைப் பற்றி மாமியாரிடமே கேளுங்கள். அவர் காலத்தில் 'மணல்வாரி' என்று சொல்லி, வேப்பிலை கட்டி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, எத்தனை வீட்டில் என்ன ஆனது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் நானும் போகிறேன். வேண்டுதலும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும். படிக்கிற காலத்தில் வார்டில் ஒரு பையனைப் பார்த்தேன். எட்டு வயது இருக்கும். கையில் டம்ளரைக் கொடுத்தால் திடீரென்று ஒரு வெட்டு வெட்டி நழுவி விழும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி விழும். பள்ளியில் கையெழுத்துக் கோணுகிறது என்று டீச்சர் அடித்திருக்கிறார். ஒரு வயதுக்குள் வந்த தட்டம்மைக் கிருமி மூளையில் பல வருடம் பதுங்கியிருந்து அப்போது வெளியே வந்திருந்தது. அதற்கு அன்றும் மருந்து இல்லை, இன்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை. அவன் அம்மா படுக்கைக்குக் கீழே உருண்ட டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த நோய் வராமல் தடுக்க ஒரே வழி தட்டம்மையே வராமல் தடுப்பது.

இன்னொன்றையும் உங்கள் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்த ஊசியில் தட்டம்மையோடு சேர்ந்திருப்பது ரூபெல்லா. சாதாரணமாக வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, போய்விடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால்தான் கொடுமை: குழந்தைக்குக் காது கேட்காது, கண்ணில் புரை, இதயத்தில் ஓட்டை. ஆட்டிசமும் வரலாம். 1964-ல் அமெரிக்காவில் ரூபெல்லா பெரிதாகப் பரவியபோது கருவில் பாதிக்கப்பட்ட 243 குழந்தைகளை ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்தார். 18 பேரிடம் ஆட்டிசமோ அதன் சாயலோ இருந்தது. அந்தக் காலக் கணக்கில் ஆட்டிசம் பத்தாயிரத்தில் நாலைந்து குழந்தைக்குத்தான். ஆட்டிசத்துக்குக் காரணம் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த சிலவற்றில் ரூபெல்லாவும் ஒன்று. அதைத் தடுக்கிற ஊசியைத்தான் ஆட்டிசத்துக்குப் பயந்து தள்ளிப்போடுகிறோம். உங்கள் சின்னவள் வளர்ந்து ஒரு நாள் தாயாகும்போது அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இந்த ஊசி.

ஊசியால் ஒன்றுமே ஆகாது என்று சொல்லமாட்டேன். தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் அன்று ராத்திரி வராது. ஏழிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும், சிலருக்கு லேசான தடிப்பும் இருக்கும். பெரியவனுக்கு அன்றைக்கே அடித்த காய்ச்சல் கூடப் போட்ட முத்தடுப்பு ஊசியால் வந்திருக்கும். சில ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் மூளையைப் பாதிக்காமல் போய்விடும். கடுமையான ஒவ்வாமை மிக மிக அபூர்வம், அதற்காகத்தான் போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம்.

சின்னவளைப் பற்றி ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்று. பெண் குழந்தை என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் அவளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பேர் சொன்னால் திரும்புகிறாளா, சிரித்தால் திருப்பிச் சிரிக்கிறாளா என்று இப்போதே பாருங்கள். ஒரு வயதில் டாட்டா காட்ட வேண்டும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட ஆரம்பிக்க வேண்டும். ஒன்றேகால் வயது தாண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை என்றாலோ, வந்த வார்த்தை எந்த வயதில் போனாலும், 'போகப் போகச் சரியாகும்' என்று இருந்துவிடாதீர்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே மாவட்ட இடையீட்டு சேவை மையம் இருக்கிறது, பணம் கிடையாது. பெரியவனையும் அங்கே பதிந்து வையுங்கள். பேச்சுப் பயிற்சியை ஐந்து வயதில் ஆரம்பித்தாலும் பலன் உண்டு. 'ஊசியின் விஷத்தை உடம்பிலிருந்து எடுக்கிறோம்' என்று யாராவது சொட்டு மருந்தோ குளுக்கோஸோ சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உலோகம் எடுக்கிற அந்த மருந்து ஏற்றியதில் 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இதயம் நின்று இறந்துபோனான். அவனுக்கும் ஆட்டிசம்தான்.

பெரியவனின் முதல் பிறந்தநாள் வீடியோ போனில் இருந்தால் ஒரு நாள் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். தனியாகப் பார்க்க வேண்டாம், வீட்டுக்காரரும் மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும்.

புதன்கிழமை ஊசி போடுகிற இடத்துக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த ஊசி வலது மேல் கையில் போடுவார்கள். போடும்போது குழந்தை பாட்டி மடியிலேயே உட்காரட்டும், அழுதால் அவரே தேற்றுவார். பாரசிட்டமால் சொட்டு எவ்வளவு என்று அன்றைய எடையைச் சொல்லி நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கி வையுங்கள், இரண்டாம் வாரம் தேவைப்படலாம். அட்டையை மறக்காமல் எடுத்துப் போய், பதினாறாம் மாதத் தேதியையும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.